வால்ஐயும் கெளுத்தியும்: ஒன்ராறியோவின் நன்னீரில் வீட்டில் செய்த தூண்டில் இரைகளோடும் இரைமீன்களோடும் மீன்பிடித்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஒன்ராறியோவில் தூண்டில் போடப் புதிதாக இறங்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஊரில் கடலிலோ களப்பிலோ குளத்திலோ தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கும். இங்குள்ள மீன்களின் குணமும் இங்குள்ள சட்டமும்தான் புதியவை. இரண்டுக்கும் இங்கே சம அளவு கவனம் கொடுத்திருக்கிறேன்.

வால்ஐ என்பது எந்த மீன்? அதை எப்படி அடையாளம் காண்பது?

கனடாவில் பலர் பிக்கரல் என்று அழைக்கும் மீனும் இதுவே. பொன்னிறமும் ஒலிவ் பச்சையும் கலந்த நீண்ட உடல், கூர்மையான பற்கள், முள்ளாக நிமிரும் முன் முதுகுத்துடுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். வால்துடுப்பின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். முன் முதுகுத்துடுப்பின் பின்முனையில் கரும்புள்ளி ஒன்று இருக்கும். இதன் நெருங்கிய உறவான சோகர் மீனுக்கு வாலில் அந்த வெள்ளை இல்லை, முதுகுத்துடுப்பில் வரிசையாகச் சிறு புள்ளிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து வாழும் நீர்நிலைகளில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதன் கண்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், இரவில் விளக்கொளி பட்டால் பூனைக்கண்ணைப் போல் மின்னும். மங்கலான வெளிச்சத்தில் மற்ற மீன்கள் தடுமாறும்போது வால்ஐக்குத் தெளிவாகத் தெரியும். அது வேட்டையாடும் நேரமும் அதுதான்.

இங்குள்ள கெளுத்தி நம் ஊர்க் கெளுத்திதானா?

இல்லை, குடும்பம் வேறு. இங்கே பெரிதாக வளரும் இனம் சானல் கெளுத்தி. இதன் வால் ஆழமாகப் பிளந்திருக்கும், வாயைச் சுற்றி எட்டு மீசைகள் இருக்கும், செதில் கிடையாது. இளம் மீன்களின் உடலில் கரும்புள்ளிகள் இருக்கும், வயதாக வயதாக அவை மறைந்துவிடும். குளங்களிலும் சேற்றுக் குடாக்களிலும் அகப்படும் சிறிய, வால் பிளவுபடாத மீன் புல்ஹெட் எனப்படும் இன்னொரு கெளுத்தி. அதையும் உண்ணலாம்.

ஒரே இரையைப் போட்டு இரண்டையும் பிடிக்க முடியாதா?

மண்புழுவில் இரண்டும் கடிக்கும். ஆனால் ஒன்றைக் குறிவைத்துப் போகிறவர் அந்த மீன் இரையை எந்தப் புலனால் தேடுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் வீட்டில் செய்யும் இரைகளின் முழு இரகசியமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. வால்ஐ முதன்மையாகக் கண்ணால் தேடும் மீன். அதோடு உடலின் பக்கக்கோட்டால் நீரின் அதிர்வையும் உணரும். எனவே அதற்குச் செய்யும் பொருள் மின்ன வேண்டும், அசைய வேண்டும், நீரில் துடிப்பை எழுப்ப வேண்டும். கெளுத்தியோ மோப்பத்தாலும் சுவையாலும் தேடுகிறது. அதன் சுவைமொட்டுகள் வாயில் மட்டுமன்றி மீசையிலும் தோல் முழுவதிலும் பரவியிருக்கின்றன. கலங்கிய நீரிலும் நள்ளிரவிலும் நீரோட்டத்தில் கரைந்து வரும் சாற்றைப் பிடித்துக்கொண்டு அது இரையிடம் வந்து சேரும். ஆகவே கெளுத்திக்குப் பளபளப்பில் உழைப்பைச் செலவிடுவது வீண்; வால்ஐக்கு நாற்றத்தில் உழைப்பைச் செலவிடுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

எங்கே, எந்தக் காலத்தில் தேட வேண்டும்?

வால்ஐக்கு ஈரி ஏரியும் குவின்ரி விரிகுடாவும் பெயர்பெற்றவை. வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும், நீர் ஏறத்தாழ 6 முதல் 10 பாகை செல்சியஸ் இருக்கும்போது, ஆறுகளிலும் கற்பாங்கான ஆழமற்ற இடங்களிலும் முட்டையிடும். அந்தக் காலத்தில் பல நீர்நிலைகளில் பிடிக்கத் தடை இருக்கும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் முட்டையிடும் மீன்களில் பல, கோடையில் குளிர்ந்த ஆழமான நீரைத் தேடிக் கிழக்கே நகர்கின்றன. குவின்ரி விரிகுடாவின் பெரிய மீன்கள் கோடையில் ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பகுதிக்குப் போய், இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் விரிகுடாவுக்குத் திரும்புகின்றன. பெரிய வால்ஐயைத் தேடுவோர் நவம்பர்க் குளிரில் படகேறுவதற்குக் காரணம் அதுதான்.

1988இல் சென்ற் கிளயர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி பின்னர் இந்த ஏரிகளெங்கும் பரவி, நீரை வடிகட்டி வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது. ஒளியை விரும்பாத வால்ஐக்கு அது நல்லதாக அமையவில்லை. நண்பகலில் அது ஆழத்துக்கோ நீர்ப்பூண்டின் நிழலுக்கோ போய்விடுகிறது. ஆகவே விடியலும் அந்தியும் இரவும் மேகமூட்டமும் காற்றால் நீர்ப்பரப்பு கலைந்திருக்கும் வேளையும்தான் நமக்குரியவை. காற்று வந்து மோதும் கரையில் நிற்பது சிரமந்தான், ஆனால் சிறுமீன்களும் அவற்றைத் தொடரும் வால்ஐயும் அந்தக் கரையில்தான் சேரும்.

கெளுத்திக்குக் கோடை. ஈரி ஏரியில் கலக்கும் கிராண்ட் ஆற்றில், டன்வில் பகுதியில், கரையிலிருந்தே நல்ல கெளுத்தி பிடிக்கலாம். மழைக்குப் பின் நீர் சற்றுக் கலங்கி ஏறும் நேரம் மிக நல்லது. நீர் 24 பாகைக்கு மேல் சூடேறும்போது அவை வங்குகளிலும் மரக்கட்டைகளின் அடியிலும் முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். அந்தச் சில வாரங்களில் கடி குறையும். மேற்கே பயணம் செய்கிறவர்களுக்கு மனிற்றோபாவில் லொக்போர்ட் அணைக்கட்டின் கீழே ஓடும் சிவப்பாற்றைச் சொல்லலாம்; அவ்வளவு பெரிய சானல் கெளுத்திகள் அகப்படும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அங்கே எதிர்முள் இல்லாத தூண்டில்முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

உரிமம் வேண்டுமா?

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரையானவர்கள் மீன்பிடி உரிமமும், அவுட்டோர்ஸ் கார்ட் எனப்படும் மாகாண அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். மாகாணம் 20 மீன்வள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஈரி ஏரி 19ஆவது மண்டலம், ஒன்ராறியோ ஏரி 20ஆவது. திறந்த பருவம், எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்பவை மண்டலத்துக்கு மண்டலம் மாறும், சில இடங்களில் ஒரே ஆற்றின் இரண்டு பகுதிகளுக்கும் வேறாக இருக்கும். ஆகையால் இங்கே எண்களைத் தரவில்லை; மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதிச்சுருக்கத்தில் நீங்கள் போகும் இடத்தின் பெயரைத் தேடிப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வால்ஐக்கு வீட்டில் முதலில் எதைச் செய்து பழகலாம்?

ஹார்னஸ் எனப்படும் புழுக்கட்டு: இரண்டு முள்ளும் சுழலும் தகடும் கோத்த தங்கூசி, அதில் புழுவை மாட்டுவது. செலவு குறைவு, கருவி எதுவும் வேண்டாம், ஈரி ஏரியில் கோடை முழுவதும் மீன் தரும். கடையில் வாங்கும் கட்டுகளில் தங்கூசி பெரும்பாலும் முரடாகவும் முள் மழுங்கலாகவும் இருப்பதைப் பார்க்கிறோம், நாமே கட்டினால் இரண்டும் நம் விருப்பம்.

15 அல்லது 17 பவுண்டு ஃபுளோரோகார்பன் தங்கூசியில் ஒன்றரை மீற்றர் வெட்டிக்கொள்ளுங்கள். 2ஆம் அல்லது 4ஆம் இலக்க முள் இரண்டு வேண்டும். நுனியில் முதல் முள்ளை ஸ்னெல் முடிச்சால் கட்டுங்கள்: தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டுத் தண்டின்மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் கண்ணுக்குள் இழுத்து இறுக்குவது. இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைக்க வேண்டும், உலர்ந்த தங்கூசி உராய்ந்து சூடேறி வலுவிழக்கும். அதிலிருந்து ஏழு அல்லது எட்டு சென்ரிமீற்றர் மேலே இரண்டாவது முள்ளை அதே முடிச்சால் கட்டுங்கள். அதற்கு மேலே ஐந்து அல்லது ஆறு பாசிமணிகளைக் கோத்து, கிளெவிஸ் என்னும் சிறு வளையத்தில் மாட்டிய ஸ்பின்னர் தகட்டைக் கோத்து, மேல் நுனியில் ஒரு ஸ்விவலை (தங்கூசி முறுக்கேறாமல் சுழலும் இணைப்பை) கட்டினால் வேலை முடிந்தது. தகட்டின் குழிந்த பக்கம் மணிகளை நோக்கியிருக்க வேண்டும். மணிகள் போதாவிட்டால் சுழலும் தகடு முன்முள்ளில் இடிக்கும். இந்த ஒரு குறையால் சுழலாமல் போன கட்டுகள் பல. கைவினைக் கடையில் வாங்கும் மணிகளின் துளை ஓரம் கூராக இருந்தால் தங்கூசியை அறுத்துவிடும், ஆகையால் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் வட்டமான கொலராடோ வகை மெதுவாக இழுத்தாலும் சுழன்று நீரில் தடதடவென்று அதிர்வை எழுப்பும். ஒடுங்கிய வில்லோ வகை இன்னும் வேகமாக இழுத்தால்தான் சுழலும். தொடங்குகிறவருக்குக் கொலராடோவே என் பரிந்துரை.

புழுவை மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். நைட்குரோலர் எனப்படும் பெரிய மண்புழுவின் தலைநுனியை முன்முள்ளில் குத்தி, உடல் நீட்டாக இருக்கும்படி பின்முள்ளை நடுப்பகுதியில் குத்துங்கள். புழு சுருண்டு கிடந்தால் கட்டு முழுவதும் சுழன்று தங்கூசி முறுக்கேறிவிடும். படகின் ஓரத்தில் நீரில் இறக்கி, தகடு சுழல்கிறதா, புழு நேராக நீந்துகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஆழத்துக்கு விடுங்கள். அடித்தரையைத் தட்டிக்கொண்டு போகும் கம்பியீயத்தின் பின்னால் இதைக் கட்டி, மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோமீற்றர் வேகத்தில் இழுப்பது வழக்கம். தங்கூசி நீரில் 45 பாகைச் சாய்வில் இறங்கினால் எடையும் வேகமும் பொருந்தியிருக்கின்றன என்று பொருள்.

கட்டிய ஹார்னஸ்களை நீச்சல்குளத்துக்கு வாங்கும் நுரைக்குழாயை வெட்டி அதில் சுற்றிவைத்தால் சிக்காமல் இருக்கும்.

தேக்கரண்டியில் லூர் (செயற்கை இரை) செய்யலாம் என்கிறார்களே, அது மீன் பிடிக்குமா?

பிடிக்கும். வேர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ புயெல் உலோகத் தகட்டுத் தூண்டிலுக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். தேக்கரண்டியின் குழிந்த வடிவம் நீரில் தள்ளாடும் விதம் காயப்பட்ட சிறுமீனை ஒத்திருப்பதே அதன் அடிப்படை. காம்பை அறுத்து எடுத்து, அறுத்த ஓரத்தை அரத்தால் மழுங்கத் தேய்த்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு துளையிட்டு, இரட்டைச்சுற்று வளையங்களை மாட்டி, அகன்ற முனையில் மும்முனை முள்ளைத் தொங்கவிடுங்கள். துருப்பிடிக்காத உருக்கைத் துளைப்பது கடினம். குறட்டுப்பிடியில் இறுக்கி, ஒரு துளி எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் துளைக்க வேண்டும். கையால் பிடித்துக்கொண்டு துளையிடவே கூடாது, கண்ணாடி அணியாமலும் கூடாது. குழிந்த பக்கத்தைப் பளபளப்பாக விட்டுவிட்டு, புறப்பக்கத்துக்கு நகப்பூச்சு அடித்தால் போதும். நீரில் இழுக்கும்போது அது இடமும் வலமுமாகத் தள்ளாட வேண்டும். முழுச்சுற்றுச் சுழன்றால் வேகம் அதிகம், அல்லது முள்ளின் எடை குறைவு.

ஜிக் (தலைப்பக்கம் எடை பொருத்திய தூண்டில்முள்) தலைகளை வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்க்கலாமா?

அடுக்களையில் ஒருபோதும் வேண்டாம். ஈயம் 327 பாகையில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். தூசும் புகையும் உடையில் ஒட்டி வீட்டுக்குள் வந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இன்னொரு காரணமும் உண்டு: அறுந்துபோன சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி லூன் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் கையில் வைத்திருப்பதே 1997 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வெள்ளீயத்திலும் பிஸ்மத்திலும் டங்ஸ்டனிலும் செய்த தலைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி, கைவேலையை மயிர் கட்டுவதில் காட்டுங்கள்.

அதற்கு வெண்வால் மானின் வால்மயிர் வேண்டும். உடல்மயிர் உள்ளே குழலாக இருப்பதால் நூலை இறுக்கியதும் விரிந்து சிலிர்த்து நிற்கும், வால்மயிரின் நுனியோ ஒழுங்காகப் படிந்து நீரில் மூச்சுவிடுவதைப்போல் அசையும். தீக்குச்சித் தடிப்பளவு மயிரை எடுத்து, அடிமயிர்ப் பஞ்சைச் சீவி நீக்கி, முள்ளின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்தில், ஜிக் தலைக்குப் பின்னால் நூலால் இறுகக் கட்டி, முடிச்சின்மேல் நிறமற்ற நகப்பூச்சுத் தடவுங்கள். தொடங்குகிறவர்கள் எல்லாரும் மயிரை அதிகமாகவே வைப்பார்கள். குறைந்த மயிர்தான் நன்றாக அசையும்.

எந்த நிறம் நல்லது?

வால்ஐயின் கண் பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் நன்றாகத் துலங்குகிறது. கலங்கிய நீரில் எலுமிச்சைப் பச்சையும் செம்மஞ்சளும், தெளிந்த நீரில் வெள்ளையும் வெள்ளியும், இருட்டில் கறுப்பு போன்ற அடர்நிறமும் எடுத்துச் செல்லுங்கள். ஆழமும் வேகமும் தவறாக இருந்தால் எந்த நிறமும் உதவாது.

கெளுத்திக்கு வீட்டில் என்ன இரை தயாரிக்கலாம்?

கோழி ஈரல் எளிது, மலிவு. அது முள்ளில் நிற்காமல் கழன்றுவிடுவதுதான் தொல்லை. முந்தைய நாள் இரவே கல்லுப்பைத் தூவிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நீர் வெளியேறி இறுகும். அப்படியும் வீசும்போது கழன்றால், பழைய நைலோன் காலுறையில் சிறு சதுரம் வெட்டி, ஈரலை அதில் பொட்டலமாகக் கட்டி முள்ளில் குத்துங்கள். சாறு துணியின் வழியே கசியும், ஈரல் போகாது.

மாவுருண்டையும் செய்யலாம். அரைத்த ஈரலோடு பழைய சீஸ், நசுக்கிய உள்ளி, கோதுமை மா ஆகியவற்றைப் பிசைந்து, கையில் ஒட்டாமல் உருளும் பதம் வரும்வரை மாவைச் சேர்க்க வேண்டும். நீரில் கரைந்துபோகாமல் இருக்கப் பிய்த்த பஞ்சிழைகளைச் சேர்த்துப் பிசைவது நல்ல உத்தி. சில நாள் புளிக்க விடுகிறவர்கள் மூடியை இறுக்கக் கூடாது. வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

ஆயினும் பெரிய கெளுத்தியைத் தேடுகிறவர் மாவுருண்டையில் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பேன். அது நடுத்தர மீன்களுக்கு உகந்தது. பெரிய கெளுத்தி மீனைத் தின்னும் மீன். புதிதாக வெட்டிய சக்கர் மீன் துண்டு, தோலும் இரத்தமும் சேர்ந்தபடி, மூன்று நான்கு சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். அந்தத் துண்டு வெளுத்ததும் மாற்றிவிடுங்கள், சாறு போன இறைச்சி கெளுத்தியை அழைக்காது.

கெளுத்திக்குத் தூண்டிலை எப்படிக் கட்டுவது?

20 பவுண்டுத் தங்கூசியில் நழுவும் ஈயக்குண்டு ஒன்றை விட்டு, அதன்பின் ஒரு மணி, அதன்பின் ஸ்விவல், அதிலிருந்து 30 முதல் 45 சென்ரிமீற்றர் நீளத் துண்டு, நுனியில் 5/0 அல்லது 6/0 வட்டமுள். நீரோட்டத்துக்கு ஏற்ப 30 முதல் 90 கிராம் வரை எடை போதும். குண்டு நழுவுவதால் மீன் இரையைக் கவ்வி நகரும்போது கனத்தை உணராது.

அடித்தரை சேறாகவோ கிளைகள் நிறைந்ததாகவோ இருந்தால், முள்ளுக்குச் சற்று முன்னே துண்டுத் தங்கூசியில் ஒரு சிறு தக்கையை மாட்டுங்கள். இரை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து மிதக்கும். வைன் போத்தல் தக்கையில் துளையிட்டே இதைச் செய்யலாம். தென் கரோலைனாவின் சான்ரி கூப்பர் நீர்த்தேக்கத்தின் பெயரால் வழங்கும் கட்டு இது. சானல் கெளுத்தியின் உலகச் சாதனையான 58 பவுண்டு மீனும் 1964இல் அங்கேதான் பிடிபட்டது.

வட்டமுள்ளைப் பயன்படுத்தும்போது ஊர்ப்பழக்கத்தில் தடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். தடி வளையும்வரை காத்திருந்து, ரீலை நிதானமாகச் சுற்றினாலே முள் வாயோரத்தில் தானாகப் பதியும். கெளுத்திக்குக் கேள்விப்புலனும் கூர்மையானது என்பதால் கரையில் தடதடவென்று நடப்பதையும் தவிருங்கள்.

எந்தச் சிறுமீன்களை இரையாகப் பயன்படுத்தலாம்?

ஒன்ராறியோவின் விதிகளில் அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியல் உண்டு. எமரல்ட் ஷைனர், வெள்ளைச் சக்கர் முதலியவை அதில் அடங்கும். பெர்ச் போன்ற விளையாட்டு மீன்களை இரையாக்கக் கூடாது. கோபி போன்ற ஆக்கிரமிப்பு இனங்களை உயிரோடோ இறந்தோ பயன்படுத்தக் கூடாது. சொந்தமாகப் பிடித்ததும் கடையில் வாங்கியதும் சேர்த்து 120 இரைமீன்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அல்கொன்குவின் பூங்கா போன்ற இடங்களில் உயிருள்ள இரைமீனைக் கொண்டுசெல்வதே குற்றம்.

2022 ஜனவரி முதல் மாகாணம் நான்கு இரைமண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்த மண்டலத்தில் பிடித்த சிறுமீனோ அட்டையோ அந்த மண்டலத்துக்குள்ளேயே பயன்பட வேண்டும், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும். கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அது இரண்டு வாரத்துக்கே செல்லும். கிரேஃபிஷ் எனப்படும், கொடுக்குள்ள நன்னீர் இறால் பிடிக்கிறவர்களுக்கு விதி இன்னும் கடுமையானது: 36க்கு மேல் கூடாது, பிடித்த நீர்நிலையிலேயே பயன்படுத்த வேண்டும், தரைவழியே வேறெங்கும் எடுத்துச்செல்லக் கூடாது.

உரிமம் உடைய மாகாண வாசிகள் தங்கள் வீடு இருக்கும் இரைமண்டலத்தில் தாமே இரைமீன் பிடிக்கலாம். பொறி 51 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் 31 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும், உரிமையாளரின் பெயர் அதில் தெரிய வேண்டும். இரண்டு லீற்றர் போத்தலின் கழுத்தை அறுத்து, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகி, பக்கங்களில் சிறு துளைகளிட்டு, உள்ளே பாண்துண்டும் ஒரு கல்லும் போட்டுக் கயிற்றில் கட்டி நீரோரப் புல்லருகே இறக்கினால் அதுவே நல்ல பொறி. அகப்பட்ட ஒவ்வொரு மீனையும் அடையாளம் கண்டு, பட்டியலில் இல்லாதவற்றில் உள்ளூர் இனங்களை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மீந்த சிறுமீன்களை ஏரியிலேயே விட்டுவிடுவது புண்ணியம்தானே?

நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்தச் செயல்தான் இந்த ஏரிகளுக்குப் பெருங்கேடு செய்திருக்கிறது. உருண்டைக் கோபி என்னும் சிறுமீன் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் நிறைநீரோடு வந்து, 1990இல் சென்ற் கிளயர் ஆற்றில் முதலில் காணப்பட்டது. பேரேரிகளில் அதைப் பரப்பியவை கப்பல்கள் என்றால், உள்நாட்டு ஆறுகளுக்குள் அது நுழைய இரைவாளிகளும் வழியாயின. அது மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்கிறது, அவற்றின் இடத்தைப் பறிக்கிறது. 2005இல் குவின்ரி விரிகுடாவில் டிரம் மீன்கள் செத்து மிதந்தன. விஎச்எஸ் என்னும் வைரசு நோய் அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த வைரசு நோயுற்ற இரைமீனிலும் அது கிடந்த நீரிலும் பயணம் செய்யக்கூடியது. வரிச்சிப்பியின் குஞ்சுகளோ கண்ணுக்கே தெரியாதவை. வாளி நீர் தெளிவாக இருக்கிறது என்பதால் அது சுத்தமானது என்று ஆகாது.

ஆகவே உயிருள்ள இரையை விடுவதும், வாளியின் நீரை எந்த நீர்நிலையிலோ அதன் 30 மீற்றர் எல்லைக்குள்ளோ கொட்டுவதும் ஒன்ராறியோவில் குற்றம். நீரைக் கரையிலிருந்து வெகுதூரத்தில் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். இறந்த மீன்களைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீந்தவற்றை உப்பிட்டு உறைபெட்டியில் வைத்து, ரசீதின் காலத்துக்குள் அதே மண்டலத்தில் ஜிக்கோடு பயன்படுத்தலாம். மீன் வளர்ப்புத் தொட்டியிலிருக்கும் தங்கமீனை ஏரியில் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வாங்கிய சிறுமீன்கள் ஒரு மணிநேரத்தில் செத்துவிடுகின்றன. ஏன்?

பெரும்பாலும் குழாய்நீரால். ரொறன்ரோவின் குழாய்நீரில் குளோரமீன் சேர்க்கப்படுகிறது. ஓரிரவு திறந்துவைத்தால் குளோரின் ஆவியாகிவிடும், குளோரமீன் அப்படிப் போகாது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நீக்கித் துளிகளை விட்டால்தான் போகும். கடைக்காரர் தரும் நீரிலேயே வைத்திருப்பது இன்னும் எளிது. அடுத்த காரணங்கள் வெப்பமும் நெருக்கமும். எமரல்ட் ஷைனர் மிகவும் மென்மையானது. சூடான நீரில் ஒட்சிசன் குறைந்ததும் முதலில் சாவது அதுதான். மூடியுள்ள குளிர்பெட்டியில், பற்றரியில் இயங்கும் காற்றுப்பம்பியோடு வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாகப் போடாமல் போத்தலில் உறைந்த நீரை மிதக்கவிட்டால் வெப்பம் திடீரென்று மாறாது.

சிறுமீனை முள்ளில் எப்படிக் குத்துவது?

ஜிக்கில் என்றால் வாய்வழியே விட்டுத் தலையின் மேற்புறம் வெளியே எடுப்பது. தக்கையின் கீழ் உயிரோடு நீந்தவிட முதுகுத்துடுப்பின் பின்னால், முதுகெலும்பைத் தொடாமல், தோலடியில் குத்துவது. வால்ஐ இரையின் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது என்றால், ஜிக்கின் வளைவில் சிறு துண்டுத் தங்கூசியால் ஒரு சிறிய மும்முனை முள்ளைக் கட்டி அதைச் சிறுமீனின் வால்பக்கம் இலேசாகக் குத்திவையுங்கள். குளிர்ந்த நீரில் வால்ஐயின் கடி ஓர் இலேசான தட்டலாகவோ, தங்கூசி திடீரெனக் கனப்பதாகவோ மட்டுமே தெரியும்.

பிடித்த கெளுத்தியை எப்படிக் கையாள்வது?

முதுகிலும் இரு பக்கத்துடுப்பிலும் உள்ள முட்களை அது விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். ஊரில் கெளுத்தி முள் குத்து வாங்கியவர்களுக்கு அந்தக் கடுப்பு மறந்திருக்காது. பின்னாலிருந்து, பக்கத்துடுப்பு முட்களுக்குப் பின்னே விரல்கள் வரும்படி பிடியுங்கள். குத்திவிட்டால் கழுவி, தோல் தாங்கும் சூடுள்ள நீரில் வைத்தால் வலி இறங்கும். முள் உள்ளே முறிந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வால்ஐயின் வாய்க்குள் விரலை விடாதீர்கள், செவுள் மூடியின் ஓரமும் வெட்டும்.

விட்டுவிடப்போகும் மீனை நனைந்த கையால், படுக்கைவாட்டில் தாங்கிப் பிடித்து, நீருக்கு அருகிலேயே முள்ளைக் கழற்றுங்கள். முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் பிடுங்காமல் தங்கூசியை வெட்டுவதே மீனுக்கு நல்லது. பெரிய பெண் வால்ஐகளை விட்டுவிடுவது அடுத்த தலைமுறை மீனுக்கு நாம் செய்யும் நேரடி உதவி. உண்ணவும் நடுத்தர மீன்தான் சுவை.

இவற்றை உண்பது பாதுகாப்பானதா? குழம்புக்கு எது ஏற்றது?

மாகாண அரசின் ஒன்ராறியோ மீனுணவு வழிகாட்டி, நீர்நிலைவாரியாக, இனம் வாரியாக, மீனின் நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி அளவு உண்டு, அதைக் கட்டாயம் பாருங்கள். வால்ஐ பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வதால் பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். அது சதையில் கலந்திருப்பதால் எப்படிச் சமைத்தாலும் போகாது. கெளுத்தியில் கவனிக்க வேண்டியது பிசிபி போன்ற வேதிப்பொருள்கள். அவை கொழுப்பில் தங்குபவை, ஆகையால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கினால் பெருமளவு குறையும். நெருப்பில் வாட்டும்போது கொழுப்பு வடிந்துவிடும், குழம்பிலோ அது சாற்றிலேயே தங்கிவிடும். எனவே கெளுத்தியைப் புளிக்குழம்பு வைக்கிறவர்கள் தோலோடு போடும் ஊர்ப்பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

வால்ஐயின் சதை வெள்ளையாகவும் இறுக்கமாகவும் மணமின்றியும் இருக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்தால் போதும், அதிக மசாலா அதன் இனிமையை மறைத்துவிடும். கன்னத்தில் இருக்கும் சிறு சதைத்துண்டை எறிந்துவிடாதீர்கள். ஏரிக்கரையிலேயே துண்டாக்கி எடுத்துவருகிறவர்கள், இனத்தை அடையாளம் காணப் போதுமான தோலை ஒவ்வொரு துண்டிலும் விட்டுவைக்க வேண்டும். நீள வரம்பு உள்ள நீர்நிலையில், அளந்து பார்க்க முடியாதபடி மீனை வெட்டுவதற்கும் அனுமதி இல்லை. அங்கே பிடித்ததை முழு மீனாக வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்யுங்கள்.